தோசைக்கல்லும் பஞ்சசீலமும்

எங்கள் புத்த விகாரையில் பௌர்ணமிதோறும் முன்னால் நின்று பஞ்சசீலத்தின் ஐந்து உறுதிமொழிகளைச் சொல்வது எங்கள் குடும்பம். அப்பா தங்கச் சுரங்கத்திலிருந்து ஏறிவந்து, குளித்த ஈரத்தோடு நின்று சொல்வார். அவருக்குப் பிறகு நான். நான் சொல்ல, சபை திருப்பிச் சொல்லும். அந்த இடம் எங்களுக்குச் சும்மா வந்ததல்ல.

சென்ற பௌர்ணமியன்று ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில், எங்கள் சபைக்கு வரும் தேவா வழிமறித்தான்.

"இன்னாண்ணே, உங்க யசோதரா பெங்களூர்ல எலியைத் தோசைக்கல்லுல உட்டு வேடிக்கை பாக்குதாமே?"

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"எவன் சொன்னான்? என் பொண்ணு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுது" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். சபைக்காக யசோதரா வந்திருந்தாள்.

"இன்னா வேலைம்மா அது? மறைக்காம சொல்லு."

"தேனீங்க கூட்டுல ஓட்டை அடைக்கிற பிசின்பா. வலியைக் குறைக்குதான்னு பாக்கறோம். எலியைச் சூடான தட்டுல விடுவோம். காலை நக்குனா உடனே எடுத்துடுவோம். பிசின் குடுத்த எலி லேட்டா நக்குது."

"என் முட்டிக்குக் கொஞ்சம் கொண்டாந்தியா?" என்றாள் சமையலறையிலிருந்து என் மனைவி ஜானகி.

"மனுஷங்களுக்கு இன்னும் வரலம்மா."

"எடுத்த எலி அப்புறம் இன்னா ஆகுது?" என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "கடைசில கொன்னுடுவோம்பா. வலி தெரியாம."

"இன்னிக்கு நீ சபைக்கு வராதே."

"வருவேன்."

வந்தாள். முன்வரிசையில் தேவாவின் கண்ணுக்கெதிரே உட்கார்ந்தாள். உயிர்க்கொலை செய்யமாட்டேன் என்ற முதல் சீலத்தைச் சொன்னேன். திரும்பி வந்த குரல்களில் அவள் குரல் இல்லை. சும்மா வாயசைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் உதட்டை மூடி, தலை குனியாமல் இருந்தாள். தேவா அவளையே பார்த்தான். இரண்டாவதிலிருந்து அவளும் சேர்ந்து சொன்னாள்.

நான்காவது, பொய் சொல்லமாட்டேன் என்பது. நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நின்றேன்.

"மறந்துட்டாரா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கா மறக்கும்?

"தேவா, கடைத்தெருவுல நான் சொன்னது பொய். என் பொண்ணு எலியை வச்சுத்தான் வேலை செய்யுது."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு நான்காவதைச் சொன்னேன். அவள் குரல்தான் முதலில் திரும்பி வந்தது.

முதல் சீலம் எங்கள் வீட்டில் இன்னும் பாக்கி நிற்கிறது. அடுத்த பௌர்ணமி நெருங்குகிறது. அன்று அதைச் சொல்வாளா என்று அவளிடம் நான் கேட்கவில்லை.