ஏரிக்குள் இருந்த பிள்ளை

கிராம சபையில் கலையரசி எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை. திமிரிக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் ஊர் ஏரியைத் தூர்வார அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. காலநிலை மாறிவிட்டது, மழை பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது, இல்லையென்றால் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, கொட்டுகிற தண்ணீரைப் பிடித்து வைக்க ஏரியை ஆழப்படுத்த வேண்டும் என்று இன்ஜினியர் சுந்தரமூர்த்தி மைக்கில் விளக்கினார். கிணறு வற்றிக் குடத்தோடு அலைந்த பெண்களிடம் வந்து இதை விளக்க வேண்டுமா என்ன? ஆனாலும் எல்லாரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"ஏரில தண்ணி நிக்கணும்னா மொதல்ல அந்த வேலிகாத்தான் முள்ளுமரத்தப் பூரா வேரோட புடுங்குங்க சார்," என்றாள் கலையரசி. "இருக்கிற ஈரத்தயும் அதுதான் குடிக்குது. அப்பால மண்ண எடுங்க."

கூட்டம் கை தட்டியது. பக்கத்து வீட்டு சம்பூர்ணம், "அடுத்த எலெக்சன்ல நீதான்டி நிக்கணும்," என்று அவள் இடுப்பில் இடித்தாள். கலையரசிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பாவம்.

அவள் பிள்ளை அந்த ஏரிக்குள் ஒரு வேலிகாத்தான் மரத்தடியில்தான் கிடந்தான். அது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. உறைக்காதது அவள் தப்பில்லை, அந்த இடத்தை அவள் பார்த்ததே கிடையாது. போன கோடையில் வெயில் ஊரையே வாட்டிய வாரத்தில் பிறந்த பிள்ளை. ஓட்டு வீட்டுக்குள் உடம்பு அனலாகக் கொதித்து, பேர் வைப்பதற்குள் போய்விட்டான். பச்சைப் பிள்ளையை எரிக்கும் வழக்கம் அங்கே இல்லை. காய்ந்து கிடக்கும் ஏரிக்குள் புதைத்துவிடுவார்கள், மேலே கல் மண் என்று எந்த அடையாளமும் வைக்க மாட்டார்கள். பெற்றவள் போகக் கூடாது. அவள் புருஷன் குமரனும் அவன் அண்ணன் நாகேந்திரனும்தான் விடிகாலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த குமரன், "ஒரு வேலிகாத்தான் நெழல்ல வச்சிட்டு வந்தோம். வெயில் படாது," என்றான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் ஒரு வருஷத்தை ஓட்டினாள்.

மரங்களைப் பிடுங்கி முடித்த பிறகுதான் அவள் ஏரிக்கரைக்குப் போனாள். உள்ளே ஒரு நிழல் இல்லை. ஜேசிபி ஒரு மூலையில் மண்ணை அள்ள ஆரம்பித்திருந்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"இன்னாமா இது, குறுக்க வர்ற," என்று வண்டியை நிறுத்தினார் கவுஸ் பாஷா. ஆற்காட்டுக்காரர். அவள் சொன்னதைக் கேட்டதும் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். இன்ஜினியருக்குப் போன் போட்டதும் அவர்தான்.

சுந்தரமூர்த்தி வந்து திட்டுவார் என்று அவள் நினைத்தாள். அவர் திட்டவில்லை. "ஏரிக்கு நடுவுல பறவைங்களுக்குன்னு ஒரு திட்டு விடணும்மா, பிளான்லயே இருக்கு. அது எங்க இருந்தா எனக்கென்ன? எடத்தக் காட்டுங்க, அங்கயே விட்டுட்றேன்," என்றார். கலையரசி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள்.

ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையிலிருந்து குமரன் பாதி வேலையில் கிளம்பி வந்தான். நேராக மதகுப் பக்கம் நடந்துபோய், "இங்க," என்றான். டிராக்டரோடு வந்த நாகேந்திரன் தலையை ஆட்டினான். "அங்க இல்லடா. தண்ணி வழியிற கலங்கல் பக்கம்."

"எம்புள்ளய வச்ச எடம் எனக்குத் தெரியாதா?"

"நீ அன்னிக்கிக் கண்ணத் தொறந்தா பார்த்த? குழிய நான்தான தோண்டனேன்."

"மாமா, நல்லா யோசிச்சுப் பாருங்க," என்று கெஞ்சினாள் கலையரசி. நாகேந்திரன் சுற்றிலும் பார்த்தான். "மரம் இருந்தா கண்ண மூடிட்டுக் காட்டிடுவேன் கலை," என்றான். அவள் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிடுங்கச் சொன்னது அந்த வாய்தானே.

அண்ணனும் தம்பியும் சொன்னதையே சொல்லிக்கொண்டு நின்றார்கள். இரண்டு திட்டு விட்டால் தண்ணீர் பிடிக்காது என்று இன்ஜினியர் தயங்கித் தயங்கிச் சொன்னார். கலையரசி மதகைப் பார்த்தாள், கலங்கலைப் பார்த்தாள். ஒன்றைச் சொல்லிவிட்டு, பிள்ளை இன்னொன்றில் இருந்தால்? காலமெல்லாம் வெறும் மண்மேட்டைப் பார்த்து அழ வேண்டியதுதான்.

"அந்தப் பறவைத் திட்ட உங்க பிளான்படியே விடுங்க சார்," என்றாள். "ஏரி நெறையட்டும். ரெண்டு எடத்து மண்ணையும் எங்க நெலத்துல கொட்டச் சொல்லுங்க, போதும்."

ஏரி மண்ணை விவசாயிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கமே அறிவித்திருந்தது. இன்ஜினியர் சரி என்றார். கவுஸ் பாஷா அந்த இரண்டு இடத்திலும் வண்டியை மெல்ல ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அள்ளினார். ஒவ்வொரு முறை அள்ளும்போதும் அவர் உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நாகேந்திரன் டிராக்டரைக் குலுங்காமல் ஓட்டி வந்து, அவர்களுடைய காய்ந்த கொல்லை நிலத்தில் மண்ணைக் கொட்டினான்.

பெற்றவள் வரக் கூடாது என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. கலையரசி குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டிகளை விரலால் உடைத்து உடைத்துத் தேடினாள். வேர் வந்தது, பாட்டில் மூடி வந்தது. வெள்ளையாக ஏதாவது தட்டுப்பட்டால் விரல் நின்றுவிடும். எடுத்து ஊதிப் பார்த்தால் நத்தை ஓடாக இருக்கும். அதை மடியில் போட்டுக்கொண்டு மறுபடியும் தேடினாள். பொழுது சாயும்போது மடி நிறைந்திருந்தது.

குமரன் எதிரே வந்து குந்தினான். "கலை, அதெல்லாம் நத்தை ஓடு," என்றான்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, அடுத்ததையும் எடுத்து மண் போக முந்தானையில் துடைத்தாள்.