அம்மாவின் பங்கு ஹலால்

மனிதகுலம் இதுவரை உண்டாக்கிய சொற்களில், சட்டத்தின் முன் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாத சொல் ‘ஹலால்’ என்று சன்யின் அறிவித்தான். சரயேவோவில் சட்டம் படிக்கிறவன். உப்பு கேட்டால்கூடத் தீர்ப்பு வாசிப்பதுபோல்தான் கேட்பான். அவன் சொன்னதைக் கேட்க அம்மா இஃபெத்தா மட்டும்தான் இருந்தாள். அவள் அடுப்படியில் மாவை வெண்ணெயில் வறுத்து, சாவு வீட்டு அல்வா கிண்டிக்கொண்டிருந்தாள்.

“செத்தவருக்கான தொழுகை முடிஞ்சதும் இமாம் திரும்பி நின்னு, ‘இவருக்கு ஹலால் பண்றீங்களா?’ன்னு கேப்பார். அதாவது, இவர் செஞ்ச தப்பையெல்லாம் விட்டுட்டீங்களான்னு. அவரால ஒரு நஷ்டமும் படாதவன் எல்லாம் தொண்டை கிழிய ‘ஹலால்’னு கத்துவான். நஷ்டப்பட்டவ வீட்ல அல்வா கிண்டுவா. என்ன விசாரணைம்மா இது?”

செத்தவர் அவனுடைய அப்பா ரெஃபிக். சன்யினுக்கு ஆறு வயதிருக்கும்போது கட்டட வேலைக்கென்று ஸ்லோவேனியா போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பெருநாளுக்கும் வருவதாகச் சொல்லியனுப்புவார். பையன் பேருந்து நிலையத்தில் நிற்பான். வந்தது ஒரே ஒரு சைக்கிள். சிவப்பு நிறம், ஆறு வயதுப் பையனுக்கான அளவு. அதற்குள் சன்யினுக்கு மீசை அரும்பியிருந்தது. ஏறி உட்கார்ந்தால் முழங்கால் காதில் இடித்தது. நேற்று அவரே வந்துவிட்டார், பெட்டிக்குள். சொந்த மண்ணில் புதைக்கச் சொன்னாராம்.

“பொம்பளைங்க அங்க போறதில்லையேடா,” என்றாள் அம்மா. “என் பங்கையும் சேத்து நீ சொல்லிடு.”

“அதிகாரப் பத்திரம் இருக்கா? முத்திரை வேணும்.”

“கரண்டி சூடாத்தான் இருக்கு. எங்க குத்தணும்?”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“நிஜமாவே விட்டுட்டியாம்மா?”

“இத்தன வருசமா தூக்கிட்டு நிக்கிறேன். கை வலிக்குதுடா.”

மசூதி முற்றத்தில், பச்சைத் துணி போர்த்திய பெட்டியின் முன் இமாம் திரும்பி நின்று கேட்டார். “ஹலால்!” என்றது கூட்டம். பெரிய குரல் பக்கத்து வீட்டு ஸியோவுடையது. ரெஃபிக்குக்கும் அவருக்கும் இடையே ஒரு சிகரெட்டைத் தாண்டி எந்த வழக்கும் இருந்ததில்லை. இமாம் இரண்டாம் முறையும் கேட்டார்.

“என்ன வக்கீலு, வாய்க்குப் பூட்டா?” என்று சன்யினின் காதில் கிசுகிசுத்தார் ஸியோ.

“சாட்சி யோசிக்கிறான்.”

“அடேய், உன் அம்மாவ நெனைச்சுக்கோ.”

மூன்றாம் முறை கேட்டபோது சன்யின், “ஹலால்” என்றான். அது அம்மாவின் பங்கு. சொன்ன வேலை முடிந்தது. தன் பங்கை அவன் தொடவில்லை.

பெட்டி தோள்களில் ஏறியது. புதைக்கும் இடமான மையவாடிக்குப் போகும் சரிவில் ஆண்கள் இரண்டு வரிசையாக நின்று, தோளுக்குத் தோள் அதை முன்னே கடத்தினார்கள். சன்யினிடம் வந்தபோது அது எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. முன்னால் நின்றவர் கை நீட்டிக் காத்திருந்தார். அவன் உடனே கொடுக்கவில்லை. பச்சைத் துணியில் கன்னம் உரச, யாருக்கும் கேட்காத குரலில் “ஹலால்” என்றான்.

ஒரு அடி நடந்தான்.

“சைக்கிளையும் சேத்து.”