ஐசெல் விழுந்த காணொளி

பந்தை அடிக்க ஐசெல் எழும்பியதை நாடே பார்த்தது. எழும்பியவள் பந்தைத் தொடாமலே துவண்டு, வலைக்குக் கீழே நனைந்த துணிபோல் மடிந்து விழுந்ததையும் பார்த்தது. பார்க்காதவள் அவள் ஒருத்திதான். மணிலா வாலிபால் அரங்கத்து விளக்குகள் வெள்ளைப் பூக்களாக விரிந்தது வரை நினைவிருக்கிறது. இறங்கியது நினைவில்லை. தூக்கத்திலும் அப்படித்தான், எழும்பிக்கொண்டே இருப்பாள், தரை வராது.

மிச்சத்தை அடுத்தவர்களின் கைபேசிகளில்தான் பார்த்தாள். டுமகெட்டேயிலிருந்து ஊருக்குப் போகும் படகில், முன்வரிசைக்காரர் ஒருவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக ஓடவிட்டு, பின்னால் பியானோவை அழவிட்டிருந்தார்கள். அவளுடைய சடை காற்றில் மிதந்து மிதந்து இறங்கியது. 'ஊசி போட்ட அடுத்த வாரமே!' என்று சிவப்பு எழுத்து ஓடியது. சன்னலுக்கு வெளியே கடல் பால்போல் அசையாமல் கிடந்தது. அந்தப் பெண் யாரோ, தான் யாரோ என்றிருந்தது ஐசெலுக்கு. முகக்கவசத்தை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கொரோனா ஊசி வந்தபோது, சட்டைக் கையைச் சுருட்டிச் சிரித்த அவள் படம்தான் ஊர் ஊராக ஒட்டப்பட்டிருந்தது. அதனால்தான் அவள் விழுந்தது அப்படிப் பரவியது. தன்னைப் பேராசிரியர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், எங்கெங்கோ மயங்கி விழுந்த விளையாட்டுக்காரர்களின் படங்களை எல்லாம் கோத்து, நடுவில் அவளை வைத்திருந்தார். ஊசிமருந்தில் உலோகத்தூள் இருக்கிறதாம். உயர எழும்பிக் குதிக்கிறவர்களுக்கு அது நேரே இதயத்துக்கு ஏறுகிறதாம்.

நடந்தது வேறு. அவள் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்தது. கப்பல் வேலையில் இருக்கும் காதலன் ரென்டெலுக்கு மட்டும் சொல்லியிருந்தாள். ஆட்டம் முடியட்டும், மற்றவர்களுக்கு அப்புறம் சொல்லலாம் என்றிருந்தாள். ஆட்டம் முடியவில்லை; அன்று மாலையே பிள்ளை போய்விட்டது. "இது ஊசியாலயும் இல்லை, நீ குதிச்சதாலயும் இல்லை. நிறைய பேருக்கு இப்படி ஆகும், யார் தப்பும் கிடையாது" என்றார் அணியின் டாக்டரம்மா. வெளியே சோர்வு என்று மட்டும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள் ஐசெல். கல்யாணம் ஆகாதவள். ஊர் என்ன பேசும் என்பதைவிட, அந்தச் சின்ன விஷயம் தனக்கு மட்டுமே சொந்தமாக இருக்கட்டும் என்று தோன்றியது.

சிகிஹோர் தீவின் கிழக்குக் கரையில் அக்கா மெர்லியின் வீடு. பை இறக்குவதற்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு பாசிங் முதல் ஆளாக வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"எந்தக் கையிலடீ போட்டானுங்க? இதுவா? ஏ மெர்லி, அந்த ஸ்பூனை எடு. ஒட்டுதான்னு பாப்போம்."

ஸ்பூன் ஒட்டவில்லை. தரையில் விழுந்து கலகலத்தது.

"எண்ணெய் தேச்சிருக்கா, அதான்" என்றாள் பாசிங். எல்லோரும் சிரித்தார்கள். ஐசெலும் சிரித்தாள். ஆனால் போகும்போது ஒவ்வொருத்தியும் அவள் தோளைத் தொட்டுவிட்டுத்தான் போனாள், மாதா கோயிலில் சிலையைத் தொடுவதுபோல.

மறுநாள் சுகாதார நிலையத்து நர்ஸ் துல்சி, தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் வந்தாள். அடுத்த ஊரில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை. வெயில் மணலில் அசைந்து அசைந்து, அவள் நீருக்குள் நடந்து வருவதுபோல் தெரிந்தது. அவள் நெருங்க நெருங்க வீட்டுச் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. மெர்லியும் பலகையை இழுத்துவிட்டாள். அவள் இடுப்பில் பிம்போய், இன்னும் ஒரு வயது ஆகாத பயல், பல் முளைத்த சந்தோஷத்தில் எச்சில் வடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இது குழந்தைங்களுக்குப் போடற அம்மை ஊசி. நாம ரெண்டு பேரும் போட்டுக்கிட்டதுதான்" என்றாள் ஐசெல்.

"ஊசின்னா ஊசிதான். உன்னையே அது சாச்சிடுச்சு. இந்தத் துளியூண்டு உடம்பு தாங்குமா?"

"என்னை ஊசி சாய்க்கலை."

"அப்ப எதுக்குடீ விழுந்த?"

ஐசெல் குனிந்து பிம்போயின் எச்சிலைத் துடைத்தாள். மெர்லி அந்த ஊர் வழக்கப்படி உதட்டைக் குவித்தே வாசல் பக்கம் சுட்டிக் காட்டினாள். "பாத்தியா, உனக்கே தெரியலை. அவ போகட்டும், பேசாம இரு."

அடுத்த நாள் காலையில் ஐசெல் கடலில் இறங்கி மல்லாந்து மிதந்தாள். காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் ஊர் அணைந்துபோனது. கடற்புல் முதுகை வருடியது. தான் பேசாமல் இருப்பதும் ஒரு பேச்சாகத் தெருவில் நடந்துகொண்டிருக்கிறது என்று அங்கேதான் உறைத்தது. அவள் சொல்லாத இடத்தில் அந்தப் பேராசிரியர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திரும்பி வந்தபோது மெர்லி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஐசெல் ஈரத்தோடு எதிரில் குந்தி உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

மெர்லி கத்தியைக் கீழே வைத்தாள். செதில் ஒட்டிய கையாலேயே தங்கையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "தெனம் போன்ல பேசினியேடீ பாவி! என்ன சாப்பிட்ட, மழை பெய்யுதான்னு கேட்டியே! இதைச் சொல்ல வாய் வரலையா?" என்றாள். பிறகு அதே கையால் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "பேரு ஏதாவது நெனச்சிருந்தியா?" என்று கேட்டாள்.

ஐசெல் புருவத்தை உயர்த்தினாள். ஆமாம். பெயரை அக்கா கேட்கவில்லை.

அன்று மாலை பெண்களிடமும் சொன்னாள். பாசிங் கைபேசியை நீட்டினாள். "இதுல சொல்லு. நான் போய்ச் சொன்னா ஒருத்தியும் நம்ப மாட்டா." ஐசெல் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் பார்த்து, அழாமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

தீவைத் தாண்டி, செபுவைத் தாண்டி, மணிலாவுக்கு அது போய்ச் சேர்ந்தது. ஆயிரம் பேர் ஆறுதல் சொன்னார்கள். மறுநாள் மத்தியானம் பேராசிரியரின் புதிய காணொளி வந்தது. பழைய பியானோதான். அவள் பழையபடி விழுந்தாள். சிவப்பு எழுத்து மட்டும் மாறியிருந்தது: 'தாயே ஒப்புக்கொண்டாள். ஊசி பிள்ளையைத் தின்றது.'

ஐசெல் பாயில் சுருண்டு படுத்துவிட்டாள். அவளுக்கென்று இருந்த ஒரே ஒன்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தென்னங்கீற்றின் நிழல் சுவரில் ஏறி இறங்கியது. நாள் போவதும் வருவதும் அவளுக்குத் தெரியவில்லை. மெர்லி சோளக் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள், ஆறியதும் எடுத்துக்கொண்டு போனாள், திரும்பவும் சூடாகக் கொண்டுவந்தாள்.

பிறகு ஒரு காலை, பிம்போய்க்குப் புதுச்சட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு அவள்முன் வந்து நின்றாள் மெர்லி.

"எழுந்திரு. சுகாதார நிலையத்துக்குப் போகணும்."

"நீ அந்த ஆளு சொன்னதைப் பாக்கலையா?"

"பாத்தேன். எனக்கு இன்னமும் பயமாத்தான் இருக்கு. அதான் நீ கூட வான்னு கூப்பிடறேன். ஊசி போடறப்ப நீதான் பிடிச்சுக்கணும், என்னால பாக்க முடியாது."

வாசலில் பாசிங் நின்றிருந்தாள், நாற்பது வயதுக்கு மேல் பெற்ற கடைக்குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு. ஐசெல் வியந்து பார்த்தாள்.

"என்னடீ மொறைக்கிற? அந்த ஆளு உன்னை நேர்ல பாத்திருக்கானா? நீ மூக்கு ஒழுகத் திரிஞ்ச நாள்லேர்ந்து நான் பாக்கறேன். நீ பொய் சொன்னா உன் மூஞ்சி எப்படிக் கோணும்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு அது கோணலை."

நர்ஸ் துல்சி, குழந்தைகளுக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துவிட்டு மருந்தை எடுத்தாள். பிம்போயின் கால் ஐசெலின் உள்ளங்கைக்குள் சூடாகத் துடித்தது. அவன் நம்பமுடியாதவன்போல் அவளைப் பார்த்தான், மூச்சை இழுத்தான், பிறகு கூரை பறக்கும்படி அலறினான். வெளியே மெர்லி காதைப் பொத்திக்கொண்டு ஜெபம் சொன்னாள். அன்று சாயங்காலம் இலேசாகக் காய்ச்சல் அடித்தது, மறுநாள் தணிந்தது.

தட்டம்மை அந்தக் கரைக்கும் வந்தது. மூன்று நான்கு வீடுகளில் குழந்தைகள் படுத்தன. ஒன்றை டுமகெட்டே ஆஸ்பத்திரிவரை கொண்டுபோக வேண்டியிருந்தது, பிழைத்துக்கொண்டது. அணியில் விடுப்பு கேட்டு வாங்கிக்கொண்டு, துல்சியின் பின்னால் குளிர்ப்பெட்டியைச் சுமந்து நடந்தாள் ஐசெல். சில கதவுகள் திறந்தன. சிலது அவளைக் கண்டே இன்னும் இறுகின. ஒரு வீட்டில், "பிள்ளையைத் தின்னவளே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவள் குளிர்ப்பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த வீடு மீன்காரன் மனைவி கெம்மாவுடையது. சன்னல் பலகை விரலளவு திறந்திருந்தது.

"மெர்லி பையன் ரொம்ப நேரம் அழுதானாமே?"

"கொஞ்ச நேரம்தான். அப்புறம் என் தோள்லயே தூங்கிட்டான்."

உள்ளே குழந்தை ஒன்று தரையில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"எம்பொண்ணையும் நீதான் பிடிச்சுக்கணும்" என்றாள் கெம்மா. தாழ்ப்பாள் விலகியது.