ரஸ்ஸின் குச்சி மிட்டாய் விரதம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது உண்மையானால், ரஸ் ஹாஃப்னர் இந்நேரம் ஓஹியோவின் கவர்னர் ஆகியிருக்க வேண்டும். ஆனால் அவன் வீட்டு ஹீட்டர்களைப் பழுது பார்க்கிறவனாகத்தான் இருந்தான். அவன் வாய் அவனுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது ஒன்றே ஒன்று. சனி ஞாயிறுகளில் மகளின் கால்பந்து மைதான ஓரத்தில் அவன் மடக்கு நாற்காலியை விரித்தால், மற்ற பெற்றோர் தங்கள் நாற்காலிகளை நாலடி தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.

இத்தனைக்கும் அவன் கால்பந்து ஆடியதே கிடையாது. பள்ளியில் அமெரிக்க ஃபுட்பால் அணியில் இருந்தான், அதாவது அதன் பெஞ்சில் இருந்தான். ஆஃப்சைட் என்றால் என்னவென்று அவனுக்குப் புரிந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் அதைப் பற்றி நடுவர்களோடு தொண்டை கிழிய வாதாடியிருக்கிறான்.

மகள் கிரெட்டாவுக்குப் பதின்மூன்று வயது. வெளியூர் போய் ஆடுகிற அணியில் நடுத் தடுப்பாட்டக்காரி. நாலு வருஷமாக வாரக் கடைசியானால் இண்டியானா, கென்டக்கி, மிச்சிகன் என்று ஓட்டம். கிளப்புக்கு ஒரு தொகை, வருஷா வருஷம் மாறும் சட்டைக்கு ஒரு தொகை, போட்டி நடத்துகிறவர்கள் சொல்கிற ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்பதால் அதற்கு ஒரு தொகை. "இந்தக் காசுக்கு ஒரு படகு வாங்கியிருக்கலாம்" என்பாள் அவன் மனைவி கோலீன். ஆஸ்பத்திரியில் நர்ஸ், இந்தச் செலவுக்காகவே சனி ஞாயிறு டியூட்டி கேட்டு வாங்கியிருந்தாள். அவள் சொன்னது தப்பு. ரஸ் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தான். படகும், அதை இழுத்துப்போக ஒரு டிரெய்லரும் வாங்கியிருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை இண்டியானாவின் அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாலரை மணி நேரப் பாதை. அடுத்த வருஷத்துக்கும் அணியில் இடம் உண்டு, ஞாயிறு இரவு எட்டு மணிக்குள் சம்மதம் சொல்லவும் என்று கிளப்பிலிருந்து மெயில் வந்திருந்தது. ரஸ் அதைப் பற்றி மூன்று தடவை பேச்செடுத்தான். நாலாவது தடவை கிரெட்டா காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"சரிப்பா, ஒரு கண்டிஷன்."

"சொல்லு கண்ணு. புது பூட்ஸா?"

"உன் வாய்."

"என் வாய்க்கு என்ன?"

"மூணு மேட்ச். ஓரத்துல உக்காந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. வண்டியிலயும் ஆட்டத்தப் பத்தி மூச்சு விடக் கூடாது. முழுசா இருந்து காட்டு, அடுத்த வருஷம் ஆடறேன். தெறந்தியோ, நான் நம்ம ஊர் லீக்ல சேந்துக்கறேன். அங்க கோல் எண்ணுறதுகூட இல்ல."

"கை தட்டலாமா?"

"சத்தம் வராம தட்டு."

ரஸ் வேனுக்கு வெளியே, இடப்பக்கம் பின்னால் வரும் வண்டிகளைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்தான். அது கறுப்பு டேப் சுற்றி நின்றுகொண்டிருந்தது. போன வசந்தத்தில் தடுப்பாட்டக்காரியான கிரெட்டா அபூர்வமாகப் பந்தோடு முன்னேறி, ஆளில்லாமல் நின்ற தோழிக்குத் தள்ளிவிடத் தலை தூக்கினாள். "அடி!" என்று கத்தினான் ரஸ். பாவம், அப்பன் பேச்சைக் கேட்டாள். பந்து கோலுக்கு மேலே பறந்து, வேலியைத் தாண்டி, நிறுத்தியிருந்த இருநூறு வண்டிகளில் இந்த வேனைத் தேடிக் கண்டுபிடித்தது. நுணலும் தன் வாயால் கெடும். நுணலுக்காவது கண்ணாடிச் செலவு இல்லை.

"சரி" என்றான்.

அவன் பயம் கால்பந்தைப் பற்றியது அல்ல. அதை அவன் கோலீனிடம்கூடச் சொன்னதில்லை. வீட்டில் கிரெட்டா ஒரு மூடிய கதவு. சாப்பாட்டு மேசையில் "ம்", பள்ளி எப்படி இருந்தது என்றால் "ம்ஹூம்". இந்த வேனில் மட்டும்தான் போக நாலரை, வர நாலரை மணி நேரம் அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவைத் திறந்துகொண்டு போக முடியாத வேகத்தில் வண்டி ஓடியது. உள்ளூர் லீக் மைதானம் வீட்டிலிருந்து ஆறு நிமிஷம். ஆறு நிமிஷத்தில் யார் என்ன பேசிவிட முடியும்? அந்த ஒன்பது மணி நேரத்தை நாலு வருஷமாக ஆட்டத்தைப் பிரித்து மேய்வதில் அவன் செலவழித்ததும், அவள் ஹெட்ஃபோன் மாட்டியிருந்ததும் வேறு விஷயம். பக்கத்திலாவது இருந்தாளே.

சனிக்கிழமை காலை மைதான ஓரத்தில், அணியின் வேலைகளையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்யும் டார்லா அவனைப் பார்த்ததும் பையைத் துழாவினாள். செய்தி அதற்குள் பரவியிருந்தது. இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை பெற்றோர் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கிளப்பில் ஒரு வழக்கம். அதற்கென்று அவளிடம் எப்போதும் குச்சி மிட்டாய் இருக்கும்.

"இந்தாப்பா ரஸ்ஸு, வாயில போடு. ஆட்டத்துக்கு ரெண்டு போதும்ல?"

ரஸ் நாலு விரலைக் காட்டினான்.

"பல்லு போயிடும்யா!"

பல் போனால் போகட்டும் என்பதுபோலக் கையை விரித்தான். நாற்காலிகள் முதல் தடவையாக அவன் பக்கம் நகர்ந்து வந்தன. வேடிக்கை பார்க்கத்தான்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பத்து நிமிஷத்தில் இரண்டு மிட்டாயைக் கடித்து நொறுக்கினான். தொடையைப் பிடித்துக்கொண்டான், தொப்பியைக் கழற்றி மாட்டினான், ஒரு தடவை எழுந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தான். மூன்றாவது மிட்டாயில்தான் மைதானத்துக்கென்று ஒரு சத்தம் இருப்பது அவனுக்குத் தெரிந்தது. பந்தின் 'தொப்' சத்தம், புல்லைக் கிழிக்கும் பூட்ஸ், பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது. எல்லாவற்றுக்கும் மேலே கணீரென்று ஒரு குரல்.

"பின்னாடி ஆளு! இடது பக்கம், இடது பக்கம்! லைனை ஏத்துங்க!"

யாரிந்தப் பெண், இவ்வளவு தெளிவாக ஆட்டத்தைப் படிக்கிறாளே என்று தேடினான். கிரெட்டா. வீட்டில் 'ம்' தவிர வேறு எழுத்தே தெரியாத கிரெட்டா. நாலு வருஷமாக அவள் இப்படித்தான் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்க விடாமல் மேலே கத்தியவன் அவன்தான்.

ரஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மிட்டாய் புளிப்பு என்று டார்லாவிடம் ஜாடை காட்டினான்.

பெருமை ஒரு கால் மணி நேரம் நீடித்தது. அதன்பின் எதிரணி ஒரு கோல் போட்டது. கிரெட்டா தன் கோல்கீப்பர் பைப்பர் பக்கம் திரும்பினாள்.

"ஏய் பைப்பர்! தூங்கறியா? எந்திரிச்சு வேலையப் பாரு!"

ரஸ்ஸின் வாயில் மிட்டாய் நின்றது. அந்த வசனம் அவனுடையது. மூன்று வருஷத்துக்கு முன், மழையில், ஒரு நடுவரைப் பார்த்துச் சொன்னது.

"என்ன, பார்க்குல வாக்கிங் போறியா?"

அதுவும் அவனுடையதே. கையை இடுப்பில் வைத்து வானத்தைப் பார்த்து நொந்துகொள்கிற அந்த நிற்பு உட்பட. முதல் ஆட்டத்தை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்துவிட்டதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. மத்தியானம் இரண்டாவது ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினார்கள். ஒவ்வொரு கோலுக்கும் கிரெட்டா ரஸ்ஸின் சேமிப்பிலிருந்து ஒன்றை எடுத்து வீசினாள். மூன்றாவது கோலுக்குப் பிறகு பைப்பர் கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்று நினைக்க ரஸ் ஆசைப்பட்டான்.

சாயங்காலம் அணி முழுக்க பீட்சா கடையில் கூடியது. எப்போதும் கிரெட்டாவை ஒட்டியே உட்காரும் பைப்பர், தூரத்து மேசையில் தன் தம்பியோடு உட்கார்ந்து பீட்சாவின் ஓரத்தை மட்டும் பிய்த்துக்கொண்டிருந்தாள். கிரெட்டா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்காமலிருக்க ரொம்பச் சிரமப்பட்டாள்.

வண்டியில் ஹோட்டலுக்குத் திரும்பும்போது ரஸ் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினான். நாலு வருஷம் தேவையில்லாததையெல்லாம் தேவையில்லாத சத்தத்தில் பேசியாகிவிட்டது. இன்றைக்குத்தான் பேச வேண்டியது என்று ஒன்று வந்திருக்கிறது. இன்றைக்குப் பார்த்து வாய்க்குப் பூட்டு. பேசினால் வேன் போச்சு. பேசாவிட்டால் பைப்பர் போய்விடுவாள், கிரெட்டாவுக்கு இருக்கிற ஒரே தோழி.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் கிரெட்டா.

ரஸ் தன் வாயைச் சுட்டிக் காட்டி, பூட்டுவதுபோல் விரலைத் திருப்பினான்.

"ஆட்டத்தப் பத்தின்னா வேணாம்" என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஹோட்டலில் வாஃபிள் பலகாரத்தைச் சுட்டெடுக்கும் இயந்திரத்தின் முன் நிற்கும்போதும் அதே யோசனை. வாஃபிள் கருகியது. பின்னால் நின்ற ஒரு தகப்பன், "அண்ணே, புகையுது" என்றான். ரஸ் பழக்கதோஷத்தில் அதற்கும் பேசாமல் தலையாட்டினான்.

கடைசி ஆட்டம். ஜெயித்தால் இறுதிப் போட்டி, இல்லாவிட்டால் வீடு. ஆறாவது நிமிஷமே பைப்பரின் கைக்கடியில் ஒரு பந்து நழுவி உள்ளே போனது.

"இதக்கூடப் பிடிக்க முடியலன்னா எதுக்கு அங்க நிக்கிற?"

இது ரஸ் எந்தக் காலத்திலும் சொல்லாதது. தன்னை விஞ்சிவிட்டாள் என்று புரிந்தது. டார்லா தன் ஷூவைப் பார்த்தாள். பைப்பரின் அம்மா யாரையும் பார்க்கவில்லை. ரஸ் எழுந்து நின்றான். வாய் திறந்தது. நாலு வருஷப் பயிற்சி உள்ள வாய், அதற்குத் தெரிந்த ஒரே வழி அது. 'கிரெட்டா!' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

மிட்டாயைக் கடித்தான். உட்கார்ந்தான். கத்துகிறது தப்பு என்று கத்திச் சொன்னால், நாளைக்கு அதையும் கற்றுக்கொள்வாள்.

இடைவேளையில் அணி எதிர்ப்பக்கம் கோச்சிடம் கூடியது. கிரெட்டாவின் தண்ணீர் பாட்டில் வழக்கம்போல் ரஸ்ஸிடமே இருந்தது. மைதானத்தைக் குறுக்கே கடந்து, முகம் சிவந்து, வாங்க வந்தாள். கையை நீட்டினாள்.

ரஸ் பாட்டிலைக் கொடுத்தான். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு குச்சி மிட்டாயை எடுத்து அதையும் நீட்டினான்.

கிரெட்டா அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவன் நாற்காலிக்கடியில் கிடந்த பத்துப் பன்னிரண்டு குச்சிகளைப் பார்த்தாள். நடுவர் ஊதியதும் கோலை நோக்கித் தனியாக நடந்துபோன பைப்பரைத் திரும்பிப் பார்த்தாள். கிரெட்டாவின் காது மடல்கள் மெல்லச் சிவந்தன. மிட்டாயைப் பிடுங்கி, முழங்கால் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு ஓடினாள்.

இரண்டாம் பாதியில் அந்தக் குரல் குறையவில்லை. "இடது பக்கம்", "பின்னாடி ஆளு" எல்லாம் இருந்தன. ஆனால் ஒவ்வொரு தடவை இடுப்பில் கை வைக்கப் போகும்போதும் கை கீழே இறங்கிச் சாக்ஸைத் தொட்டது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பைப்பர் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தாள்.

"சூப்பர்டி பைப்பர்!"

பைப்பர் பந்தைக் கிரெட்டாவுக்கு உருட்டிவிட்டாள். நடுவில் இவர்கள் அணியும் ஒரு கோல் போட்டிருந்ததால் ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. இறுதிப் போட்டி இல்லை.

வேனில் முதல் ஒரு மணி நேரம் டேப் சுற்றிய கண்ணாடி ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கிரெட்டா ஹெட்ஃபோனை மாட்டவே இல்லை.

"அப்பா."

திரும்பினான்.

"பேசலாம். பர்மிஷன் தரேன். நான் அவ்ளோ மோசமா?"

"அதவிட" என்றான் ரஸ். இரண்டு நாள் பூட்டியிருந்த குரல் கரகரத்தது. "அப்படியே என்னை மாதிரி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி இரண்டையும் முடித்துக்கொண்டாள். பிறகு பேசினாள். பைப்பரைப் பற்றி, புதிதாக வந்த கணக்கு டீச்சரைப் பற்றி, பஸ்ஸில் தன் பக்கத்தில் யாரும் உட்காராததைப் பற்றி. இண்டியானா முடிந்து ஓஹியோ வந்தது ரஸ்ஸுக்குத் தெரியவில்லை.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். நான் காலேஜ் டீமுக்கெல்லாம் போக மாட்டேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ செலவு?"

பொய் சொல்ல ஓரிரண்டு நல்ல காரணங்கள் கைவசம் இருந்தன. ஒழுக்கம், கூட்டு முயற்சி, இப்படி. "வேனுக்காக" என்றான். "நாலரை மணி நேரம் பக்கத்துல உக்காந்திருக்க. வீட்ல கெடைக்காது."

கிரெட்டா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அதுக்கு சும்மாவே எங்கயாச்சும் ஓட்டிக்கிட்டுப் போயிருக்கலாமேப்பா. பெட்ரோல் காசோட முடிஞ்சிருக்கும்."

ரஸ் இரண்டு மைல் தூரம் மனசுக்குள் கணக்குப் போட்டான். நாலு வருஷம், ஒரு படகு, ஒரு டிரெய்லர். ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிடாத" என்றான்.

அவள் அவனுடைய போனை எடுத்தாள். மணி ஏழு நாற்பது. கிளப்பின் மெயிலைத் திறந்து ஏதோ தட்டினாள்.

"போட்டுட்டேன்."

"என்னன்னு?"

"ஆடறேன்னு. பைப்பர்கிட்ட சாரி கேக்கணும். ஒரு நாள்ல சரியாகாது, ஒரு வருஷமாவது ஆகும். அவ இருக்கற டீம்ல இருந்தாத்தான முடியும்?"

ரஸ்ஸுக்கு நெஞ்சு விரிந்தது. கை ஸ்டியரிங்கைத் தட்ட, வாய் தானாக, முழு அகலத்துக்கு, நெடுஞ்சாலை முழுக்கக் கேட்கிற மாதிரித் திறந்தது. கிரெட்டா குனிந்து சாக்ஸுக்குள்ளிருந்து மிட்டாயை உருவினாள். காகிதம் எப்போதோ கிழிந்துவிட்டிருந்தது. ஒரு பக்கம் புல் ஒட்டியிருந்தது. அதை அப்படியே அவன் வாயில் வைத்து மூடினாள்.

செர்ரி சுவை. கொஞ்சம் சாக்ஸ். வீடு வரைக்கும் ரஸ் அதைக் கடிக்கவே இல்லை.