ஜெரின் கேட்ட ஒரு வருடம்

"சித்தப்பா, அந்தப் பிளக்குல கைய வச்சீங்க, அம்புட்டுத்தான்."

குளிர்பெட்டியின் ஒயரோடு டிவிக்குப் பின்னால் குனிந்திருந்த பிராங்கிளின் சித்தப்பா அப்படியே நின்றார். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதி மந்திரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

"செல்வி, உன் தம்பிய வைக்கத்தானே பிளக்கு கேக்குறேன்? கேம் பெட்டிக்கு இப்ப என்ன அவசரம்?"

"அதுல அவனோட கேம் டவுன்லோடாகி எறங்கிக்கிட்டிருக்கு. நிப்பாட்ட விடமாட்டேன்."

பைத்தியம் பிடித்துவிட்டது என்று யாரோ முனகினார்கள். முனகட்டும் என்று மரியசெல்வி பிளக்கை மறைத்து நின்றாள்.

ஜெரினுக்கு ரத்தப் புற்றுநோய், ஆறு மாதம் தாண்டாது என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான், அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆடும் விளையாட்டுக்குக் கூடுதல் பாகம் வந்தது. அதிலும் ஒரு வில்லங்கம். முதல் ஒரு வருடம் வேறொரு கம்பெனியின் பெட்டியில் மட்டும்தான் கிடைக்கும். இவர்கள் வைத்திருந்த பெட்டிக்கு அதற்குப் பிறகுதான். விஷயம் கேள்விப்பட்ட நண்பன் அக்பர் அலி, பேகம்பூரிலிருந்து தன் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"எடுத்துட்டுப் போடா. ஒரு வருசம்தானே? இருந்து என் பெட்டியிலயே ஆடுறேன்" என்றான் ஜெரின்.

இருந்தான். எலும்பும் தோலுமாக, கஞ்சியைக்கூட வாந்தி எடுத்துக்கொண்டு, டாக்டர் முகத்தில் கரி பூசிவிட்டு இருந்தான். நேற்று ராத்திரி, பெட்டியை அணைக்காதே என்று சொல்லிவிட்டுப் படுத்தவன் விடியற்காலை நான்கு மணிக்குப் போனான். ஆறு மணிக்கு, அந்த ஒரு வருடக் கெடு முடிந்து, கூடுதல் பாகம் தானாக இறங்கத் தொடங்கியது. இரண்டு மணி நேரம்! மரியசெல்விக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முட்டியது. அவன் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்குள் அது முழுசாக இறங்கியாக வேண்டும்.

"அதுக்கும் குடுத்து வைக்கலையே புள்ளைக்கு" என்றாள் மூலையிலிருந்த ஒருத்தி.

"ஆறு மாசம்னு சொன்னவங்ககிட்ட ஒரு வருசத்தப் புடுங்குனவன் அவன். யாரும் பாவம்னு சொல்லாதீங்க."

அப்பா பாஸ்கல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "எழவு விளையாட்டு" என்று ஒரு வருடமாகக் கரித்துக்கொட்டியவர் அவர்தான். எழுந்து சமையலறைக்குப் போனார். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார்.

"ஏலே பிராங்கிளின், ஒயர இங்கிட்டுக் கொண்டா" என்றார்.

மத்தியானம் ஒருமுறை கரண்ட் போய் வந்தது. மரியசெல்வி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் இறக்கினாள். மூன்றரைக்கு நூறு சதவீதம் ஆனது. நான்கு மணிக்குச் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் தம்பியின் காதருகே குனிந்தாள்.

"எறங்கிருச்சுடா."

கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து குளித்ததும் அவள் விளையாட்டைப் போட்டாள். திரையில் ஒரு பெரிய கதவு, அதன் முன்னால் இரண்டு பேர். அவள் ஆடுவது நீலச்சட்டை, ஜெரின் சிவப்புச்சட்டை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தள்ளினால்தான் கதவு திறக்கும். ஜெரினின் ரிமோட் தரையில் கிடந்தது.

அப்பா ஈரத்தலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கையில் எடுத்தார்.

"இதுல எத அமுக்கணும்?"

காட்டிக்கொடுத்தாள். அவர் வேறொன்றை அமுக்கினார். மூடிய கதவின் முன்னால் சிவப்புச்சட்டைக்காரன் எம்பிக் குதித்தான். மறுபடியும் அமுக்கினார். மறுபடியும் குதித்தான். மரியசெல்வி திருத்தவில்லை.