சத்திரத்தின் தேக்குக் கூரை

சாலையை அகலப்படுத்தப் பூந்தமல்லியின் பழைய சத்திரத்தை இடிக்க அதிகாரிகள் வந்தபோது தடுத்து நின்றவள் ஹேமாவதி. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். திருப்பதிக்கு நடந்து போனவர்கள் படுத்துறங்கிய கட்டடம் அது. ஒரே ஒரு இரும்பு ஆணிகூட இல்லாத தேக்குக் கூரை. அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு நீதிமன்றம் வரை போனாள். இடிக்கக் கூடாது, பழுதுபார்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வேலை தொடங்கிய அன்று ஆட்களுக்குத் தன் கையாலேயே கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம், மத்தியானம், எதிர் டீக்கடை ஜெகன் போன் செய்தான்.

“அக்கா, சீக்கிரம் வா. சத்திரம் எரிஞ்சுகினு கீது.”

வேலைக்காகக் கட்டிய இரும்புச் சாரத்துக்கு வெல்டிங் வைத்தபோது தெறித்த பொறி, உத்திரத்துக்குள் புகுந்து புகைந்திருக்கிறது. ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பற்றிக்கொண்டது. ஹேமாவதி போய்ச் சேர்ந்தபோது கூரை முழுதும் நெருப்பு. மெட்ரோ வேலைக்காக அடைத்த சாலையில் தீயணைப்பு வண்டி நகர முடியாமல் சைரன் மட்டும் அலறிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடப் பார்த்தவளை ஜெகன் இழுத்துப் பிடித்தான்.

“உள்ள போய் இன்னாக்கா பண்ணப் போற? யாரும் இல்ல உள்ள.”

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடு உத்திரம் முறிந்தது. கூரை மொத்தமாக உள்ளே சரிந்தது. சுற்றி நின்றவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

வெந்து வெடித்த சுவர்கள் எந்நேரமும் விழலாம் என்று சொல்லி, மறுநாளே பொக்லைன் வைத்து அவற்றையும் தள்ளிவிட்டார்கள். இப்போது தடுக்க யாரும் வரவில்லை. ஹேமாவதியும் போகவில்லை.

“சாப்பிடு,” என்று அன்று இரவு வீட்டில் கணவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். “நீ என்ன பண்ணுவ? உன்னால ஆனத செஞ்ச.”

“அன்னிக்கே இடிக்க விட்டிருக்கணும்,” என்றாள் அவள். “மரத்தையாவது கழட்டி எடுத்திருப்பாங்க. யார் வீட்டுலயாவது கதவாவோ ஜன்னலாவோ இருந்திருக்கும். நான்தான் ஒண்ணுமில்லாம ஆக்கிட்டேன்.”

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். தட்டில் சோறு வைத்தபடியே இருந்தது.