டம்மி டிஃபன்ஸ்

கோப்பை வந்த அன்று மாலை பழவங்காடியில் எங்கள் பாத்திரக் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் அப்பாவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மகளு எத்தனை பாயின்ட்டு?" அப்பா என்னைப் பார்த்தார். "ரெண்டு" என்றேன். கேட்டவர்கள் பாவம் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுக் கரண்டி விலை விசாரித்தார்கள்.

கல்லூரிகளுக்கிடையிலான கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் எதிரணியின் ஸ்மிதாவை மறித்தவள் நான். அரையிறுதியில் முப்பது பாயின்ட் போட்டவள் அவள். என்னிடம் ஆறோடு நின்றாள். கடைசி நிமிடத்தில் அவள் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டதும் நான்தான். நாங்கள் ஜெயித்தது ஒரே ஒரு பாயின்ட்டில். ஆனால் எங்கள் கோச் சத்தியநேசன் சார் ரேஷ்மியைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். ரேஷ்மி நிறையப் போட்டாள், இல்லை என்று சொல்லவில்லை. எதிரணிக்கும் சாரைப் போலவே மறிப்பதை மதிக்காத ஒரு கோச் வாய்த்திருந்ததால் அவளை மறிக்க அங்கே யாரும் இல்லை. அவள் போட்டதை ஊரே எண்ணியது. ஸ்மிதா போடாமல் போனதை யார் எண்ணுவார்கள்?

"கையை விரிச்சு நின்னா கப்பு வருமா மக்களே? ரிங்குல போட்டாத்தான் வரும்" என்பார் சார். அதனால் பயிற்சியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரேஷ்மி ஷூட் செய்யும்போது நான் எதிரே நிற்க வேண்டும், ஆனால் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. தூக்கினால் அவளுக்கு நம்பிக்கை போய்விடுமாம். அதற்கு டம்மி டிஃபன்ஸ் என்று பேர். மூன்று வருடமாக நான் டம்மி.

அடுத்த வாரம் பல்கலைக்கழக அணியின் முகாமுக்கு ஆள் எடுக்க ராகேல் மேடம் எங்கள் கல்லூரிக்கு வந்தார். எங்களில் ஒருத்திக்குத்தான் இடம். எனக்கும் ரேஷ்மிக்கும் இது கடைசி வருடம். இது போனால் என் ஆட்டமே போச்சு, எவர்சில்வர் குடம் எடுத்துக் கொடுத்துக்கொண்டு கடையில் நிற்க வேண்டியதுதான். சார் ரேஷ்மியின் பேரை மட்டும் கொடுத்திருந்தார். அது போதாதென்று என்னிடம் வந்து, "திவ்யா, நீ அவளுக்கு டம்மியா நின்னு கொடு, கேட்டியா?" என்றார்.

கேட்டேன். நன்றாகவே கேட்டேன்.

முதல் பந்திலேயே கையை உயர்த்தினேன். பந்து என் உள்ளங்கையில் பட்டு வெளியே ஓடியது. ரேஷ்மி திகைத்துப்போனாள். அடுத்த முறை வலது பக்கம் வெட்டித் திரும்பினாள். அவள் வலது பக்கம்தான் வெட்டுவாள் என்பது அவளைப் பெற்றவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எப்படி வந்தாலும் இதே கதிதான்.

"எந்தாடீ, என்ன காட்டுதே? கையை எறக்கு!" என்று சார் கத்தினார்.

"எறக்க மாட்டேன் சார்."

ராகேல் மேடம் விசிலை ஊதினார். "சத்தியநேசா, ஆளை மாத்து. இவ நின்னா அந்தக் குட்டி ஷூட் பண்றதை நான் எப்படிப் பாக்க?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "மாற மாட்டேன் மேடம். ஃபைனல்ல ஸ்மிதாவை மறிச்சது நானாக்கும். அப்போ யாரும் என்னை மாத்தச் சொல்லலியே?"

மேடம் சாரைத் திரும்பிப் பார்த்தார். "ஸ்மிதாவை ஆறுல நிறுத்தினது இவளா? நீ சொல்லவே இல்லியே."

"அது டீம் டிஃபன்ஸ் மேடம்" என்றார் சார்.

ரேஷ்மி போட்டால் ரேஷ்மியின் பாயின்ட். நான் தடுத்தால் டீம்! கெட்ட வார்த்தை ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் ரேஷ்மி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "டீம் ஒண்ணும் இல்ல மேடம். இவ ஒருத்திதான்."

மேடம் இன்னும் கொஞ்ச நேரம் எங்களை ஆடவிட்டார். பிறகு என் முழுப்பெயரைக் கேட்டுக்கொண்டு, திங்கட்கிழமை முகாமுக்கு வந்துவிடு என்று சொல்லிக் காரில் ஏறினார்.

"நல்லது மக்களே" என்றார் சார், ஒன்றுமே நடக்காததுபோல. "கேம்புல போய்க் கொஞ்சம் பாஸ்கெட்டும் போடப் பாரு." அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

ரேஷ்மி ரிங்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று தெரியும். திட்டினாள். ஆனால் நான் நினைத்த காரணத்துக்கு அல்ல.

"ஏட்டி, ஒரு நாளாவது பிராக்டிஸ்ல இப்படி நின்னிருந்தா எனக்குப் பழகியிருக்கும்லா? என் மூஞ்சிக்கு நேரா ஒரு கையை நான் இன்னைக்குத்தான் பாக்கேன்."

"சார்தானே வேண்டாம்னு..." என்று தொடங்கினேன். அவள் காதில் வாங்கவில்லை. எழுந்து பந்தை எடுத்தாள்.

"வா, நில்லு. கையை எறக்கினே, கொன்னுருவேன்."

நின்றேன். தட்டினேன். மறுபடி வந்தாள், மறுபடி தட்டினேன். அழுதுகொண்டே வந்தாள். அப்போதும் நான் கையை இறக்கவில்லை. கடைசியில் அவள் இடது பக்கம் வெட்டி, பின்னால் சாய்ந்து எறிந்தாள். பந்து என் விரல் நுனிக்கு மேலே போய் ரிங்குக்குள் விழுந்தது. அவள் அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை.

"கண்டோ, கண்டோ!" என்று சார் கை தட்டினார். "இதத்தான் நான் இத்தனை நாளும் சொன்னேன்!"

ரேஷ்மி பந்தைப் பொறுக்கி அவர் நெஞ்சைப் பார்த்தே வீசினாள். ராகேல் மேடத்தின் கார் அதற்குள் பட்டம் ஜங்ஷனைத் தாண்டியிருக்கும்.